வலிக்காத கட்டிக்குத்தான் முதலில் போக வேண்டும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் மதிய அமர்வில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். இப்போது பேசப்போவது மார்பகப் புற்றுநோய் பற்றி. மார்பகம் என்று சொன்னதுமே முன்வரிசையில் நாலைந்து பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள். ஹாலில் ஆம்பளை ஒருத்தரும் இல்லை. மைக் செட் தம்பியைக்கூட டீ குடிக்க அனுப்பிவிட்டோம். அதனால் இன்றைக்கு எதையும் மறைத்துப் பேச வேண்டியதில்லை.

நாங்கள் ஊர் ஊராகக் குழுக் கூட்டங்களுக்குப் போகிறபோது இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருகிற பதில் ஒன்றுதான். "எனக்குக் கட்டி கிட்டி ஒண்ணும் இல்லம்மா, வலியே இல்லையே." இந்த "வலியே இல்லையே" என்பதுதான் இன்றைக்கு நாம் பேச வேண்டிய விஷயம். பல் வலித்தால் ராத்திரி தூக்கம் வராது, மறுநாள் காலையிலேயே ஓடிவிடுகிறோம். காலில் முள் குத்தினால் உடனே எடுத்துவிடுகிறோம். ஆனால் மார்பில் வருகிற புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. காய்ச்சல் இருக்காது, பசி குறையாது. நாற்று நடலாம், பூப் பறிக்கலாம், தண்ணீர்க் குடம் தூக்கலாம், எல்லா வேலையும் செய்யலாம். சுண்டைக்காய் அளவில் கல் மாதிரி ஒன்று கையில் தட்டுப்படும், அவ்வளவுதான். வலிக்கிற கட்டி பல நேரம் பால் கட்டியாகவோ, சீழ்க் கட்டியாகவோ, மாதவிலக்குக்கு முன்னால் வருகிற வீக்கமாகவோ இருக்கும். அதற்காக வலிக்கிற கட்டியை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை, அதையும் காட்டத்தான் வேண்டும். ஆனால் வலிக்காத கட்டியைத்தான் நாம் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று வைத்துக்கொண்டே இருக்கிறோம்.

ஏன் வைத்துக்கொண்டிருக்கிறோம்? வெள்ளாமை முடியட்டும், மகள் பிரசவம் முடியட்டும், சித்திரைத் திருவிழா கழியட்டும் என்று தள்ளிப்போடுகிறோம். மல்லிகைப் பூக்காரக் குடும்பம் என்றால் சீசனில் விடியக்காலை நாலு மணிக்கே தோட்டத்தில் இருக்க வேண்டும், மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ போயாக வேண்டும். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவது பெரிய பாடுதான். அதையெல்லாம் நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டி நம் சீசனுக்காகக் காத்திருக்காது.

கணக்குப் பேசினால் நம் உறுப்பினர்களுக்கு நன்றாகப் புரியும். அதனால் ஒரு கணக்கைச் சொல்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2022ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீடு இது. அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் நோய் கண்டவர்கள் சுமார் 2 லட்சத்து 74 ஆயிரம் பேர், நம்மைவிட அதிகம். இறந்தவர்கள் ஏறக்குறைய 43 ஆயிரம் பேர். நோய் அங்கே அதிகம், சாவு இங்கே அதிகம். அவர்கள் உடம்பு இரும்பும் இல்லை, நம் உடம்பு மண்ணும் இல்லை. அங்கே கட்டி சின்னதாக இருக்கும்போதே டாக்டர் கைக்குப் போய்விடுகிறது, முழுச் சிகிச்சையும் கிடைக்கிறது. இங்கே நாம் கட்டி புண்ணான பிறகு, அக்குளில் நெறி கட்டிய பிறகு போகிறோம்.

இன்னொரு கணக்கு நம் நாட்டிலேயே எடுத்தது. 2012 முதல் 2015 வரை மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்து, 2024இல் வெளியிட்டார்கள். நோய் மார்பில் மட்டும் இருக்கும்போது வந்தவர்களில் 100க்கு 81 பேர் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அக்குள் வரை பரவிய பிறகு வந்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 65 பேர். எலும்பு, நுரையீரல், ஈரல் என்று தூரத்துக்குப் பரவிய பிறகு வந்தவர்களில் 100க்கு 18 பேர்தான். அதே நோய், அதே மருந்துகள். எந்த நிலையில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள். இந்த 81 என்ற எண்ணை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், புற்றுநோய் என்றாலே சாவு என்று யாராவது சொன்னால் எடுத்துச் சொல்லுங்கள்.

இந்தத் தாமதம் புதுசு இல்லை. நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்கள் படிப்பதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். அவருடைய தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்தது. அதை வயிற்றுக்கடுப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. டாக்டர் வீட்டிலேயே இப்படி நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. ஊர் ஊராகப் பணம் திரட்டி, 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள்தான். அடுத்த வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் இறக்கும் வரை அந்த மருத்துவமனையோடுதான் இருந்தார். இரண்டு பெண்கள் முன்நின்று நடத்திய காரியம் இது. குழு நடத்துகிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இந்த நோய் ஏன் வருகிறது? யாருக்கு வரும் என்று இன்னார் பெயர் சொல்லிச் சொல்ல முடியாது. பெண்ணாக இருப்பதும் வயது ஏறுவதும்தான் முதல் காரணங்கள். மேலைநாடுகளைவிட நம் நாட்டில் ஏறக்குறைய பத்து வருஷம் முன்னாலேயே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நிறையப் பேருக்கு வருகிறது. அம்மாவுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு வந்திருந்தால் நமக்கு வருகிற வாய்ப்பு கூடுதல். ஆனால் "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், வருகிறவர்களில் பெரும்பாலோர் வம்சத்தில் யாருக்கும் இருந்ததில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பு பெருப்பது, உடல் உழைப்பு குறைவது, மது, இவையும் வாய்ப்பைக் கூட்டும். தாய்ப்பால் கொடுப்பது ஓரளவு குறைக்கும். 30 நாடுகளில் எடுத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் சொன்னது இது: மொத்தம் 12 மாதம் பால் கொடுத்தால் வாய்ப்பு 100க்கு 4 பங்கு அளவுக்குக் குறைகிறது. கொஞ்சம்தான் குறையும் என்பதைக் கவனியுங்கள். "நான் நாலு பிள்ளைக்கும் பால் கொடுத்தவ, எனக்கு வராது" என்று சொல்லக்கூடாது. பால் கொடுக்காத பெண்ணைப் பார்த்து "அதான் வந்துச்சு" என்று சொல்வது அதைவிடப் பாவம்.

வராமலே தடுக்க முழு வழி கிடையாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது, மார்பகத்துக்கு இல்லை. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

கூட்டங்களில் நிறையப் பேர் கேட்கிற இன்னொரு கேள்வி, செல்போனையும் சில்லறைப் பர்ஸையும் ரவிக்கைக்குள் வைத்தால் கட்டி வருமா என்பது. வராது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பாடி இறுக்கமாகப் போட்டால் வரும், குழந்தை தலை மோதினால் வரும் என்பதும் அப்படித்தான். இது ஒட்டுவாரொட்டி நோயும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். சிகிச்சை எடுக்கிற பெண்ணுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக எடுத்துவைத்த வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். நோயைவிட அதுதான் அவர்களை அழவைத்தது.

இனி கையால் பார்க்கிற முறை. மாதம் ஒரு தடவை போதும். மாதவிலக்கு வருகிறவர்கள், வந்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பாருங்கள், அப்போது வீக்கமும் வலியும் இருக்காது. நின்றுபோனவர்கள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், சந்தா கட்டுகிற நாளே இருக்கட்டும், மறக்காது. கண்ணாடி இருந்தால் முன்னால் நின்று கையைத் தொங்கவிட்டு ஒரு முறை, கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு முறை, இடுப்பில் ஊன்றி ஒரு முறை பாருங்கள். புதுசாக ஒரு பக்கம் பெருத்திருக்கிறதா, ஓர் இடம் உள்ளே இழுத்துக் குழி விழுகிறதா, தோல் சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழிந்திருக்கிறதா, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டதா என்று பாருங்கள். அப்புறம் குளிக்கும்போது சோப்புப் போட்ட கையால், நடு மூன்று விரல்களைச் சேர்த்து வைத்து, நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால், மாவு தேய்க்கிற மாதிரி வட்டமாகத் தடவுங்கள். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு நெஞ்செலும்பு தட்டுப்படுகிற வரைக்கும். வலது பக்கத்துக்கு இடது கை, இடது பக்கத்துக்கு வலது கை. மேலே காறை எலும்பு வரைக்கும், பக்கவாட்டில் அக்குள் வரைக்கும் போக வேண்டும். அக்குளை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். காம்பிலிருந்து தானாக, அதுவும் ஒரு பக்கம் மட்டும், ரத்தமோ நீரோ கசிந்தால் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

பொம்பளை மார்பு எல்லோருக்கும் கொஞ்சம் முடிச்சு முடிச்சாகத்தான் இருக்கும். முதல் மாதம் தடவிப் பார்த்து எல்லாமே கட்டி மாதிரி தெரிகிறது என்று பதறிப்போய் எங்களுக்குப் போன் செய்தவர்கள் உண்டு. இரண்டு மூன்று மாதம் பார்த்தால் நம் உடம்பு எப்படி இருக்கும் என்பது நம் கைக்குப் பழகிவிடும். அதன் பிறகு புதுசாக ஒன்று வந்தால் தெரியும். அப்படி வருகிற கட்டிகளிலும் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சீனாவில் ஷாங்காய் நகரத்தில் பஞ்சாலைகளில் வேலை பார்த்த 2 லட்சத்து 66 ஆயிரம் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சுயபரிசோதனை சொல்லிக்கொடுத்துப் பத்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். 2002இல் முடிவு வந்தது. சுயபரிசோதனை செய்ததால் மட்டும் சாவு குறையவில்லை. அதனால் "மாசாமாசம் நானே பாத்துக்கிறேன், நர்ஸ் எதுக்கு" என்ற பேச்சு வேண்டாம். நம் கை நம் உடம்பைத் தெரிந்துகொள்வதற்கு. பயிற்சி பெற்ற கை ஒன்றும் நம்மைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பயிற்சி பெற்ற கை பெரிய டாக்டர் கையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மும்பையில் டாடா மருத்துவமனைக்காரர்கள் 1998இல் ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். குடிசைப் பகுதிகளில் 35 வயதிலிருந்து 64 வயது வரை உள்ள ஒன்றரை லட்சம் பெண்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால் மார்பகப் பரிசோதனை. பரிசோதித்தவர்கள் பத்தாவது படித்த பெண்கள், அதற்கென்று பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள். இருபது வருஷம் பின்தொடர்ந்து 2021இல் முடிவைச் சொன்னார்கள். பரிசோதனை நடந்த பிரிவில் நோய் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோயால் சாவது 100க்கு 30 பங்கு குறைந்தது. 50க்குக் கீழே அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு இதில் சந்தோஷம் தருவது, மிஷின் எதுவும் இல்லாமல், நம் ஊக்குநர்கள் அளவு படித்த பெண்களின் கை செய்த வேலை இது என்பதுதான்.

நமக்கும் அந்தக் கை பக்கத்திலேயே இருக்கிறது. 2012இல் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்ப் பிரிவு வந்தது. 30 வயதான பெண்களுக்கு சுகர், பிரஷர் பார்ப்பதோடு மார்பகமும் கர்ப்பப்பை வாயும் பார்ப்பார்கள். காசு கிடையாது. பார்ப்பது நர்ஸ் அக்காதான், திரை போட்டுத்தான் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மதுரை பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். அதன் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது.

கட்டி இருக்கிறது என்று போனால் மூன்று பரிசோதனை நடக்க வேண்டும். கையால் பார்ப்பது ஒன்று. வயதைப் பொறுத்து ஸ்கேனோ, மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயோ எடுப்பது ஒன்று. ஊசி வைத்துக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது ஒன்று. ஒரு ஊரில் ஓர் அக்கா பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் போனார். கட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "ஒண்ணுமில்லை" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் அந்த மாத்திரையில் போய்விட்டது. "ஒண்ணுமில்லை" என்று சொல்கிறவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். ஸ்கேன் எடுக்கணுமா, ஊசி டெஸ்ட் வேணுமா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பேங்க் மேனேஜரிடம் வட்டிக் கணக்குக் கேட்கிறவர்கள்தானே நாம்.

ஊசி வைத்தால், கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று நம் பக்கம் பலமான பேச்சு இருக்கிறது. பரவியதனால் இறந்தவர்களைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறார்கள். அவர்கள் ஆபரேஷனுக்குப் போனதே பரவிய பிறகுதான். அதேபோல் பச்சிலை வைத்துக் கட்டுவது, சூடு போடுவது, உருவிவிடுவது, எதுவும் வேண்டாம். புண்ணாகும், மாதங்கள் போகும். கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், திருநீறு பூசுங்கள், அதை நாங்கள் தடுக்கவில்லை. பூசிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

சிகிச்சை என்றால் மார்பையே எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. கட்டி சின்னதாக இருந்தால் பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சுக் கொடுக்கிறார்கள். சிலருக்கு முழுதாக எடுக்க வேண்டியிருக்கும். கீமோ என்கிற மருந்து ஏற்றினால் முடி கொட்டும், முடிந்த பிறகு முளைக்கும். சிலருக்கு ஐந்து வருஷம், பத்து வருஷம் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். பாதியில் விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று ஊசியிலேயே கட்டி கரைந்தது மாதிரி தெரியும், அப்போது நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

பணத்துக்கு வருகிறோம். அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2022இல் புதுப்பித்தபோது குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்துகொள்ளலாம். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு வருமானச் சான்றுக்காக வீட்டுக்காரர் அலைகிறதை நிறையப் பார்த்துவிட்டோம். உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டையை வாங்கி வையுங்கள்.

இப்போது குழுவைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குழுவில் ஓர் உறுப்பினர் கட்டி இருந்ததை வீட்டில்கூடச் சொல்லியிருந்தார், குழுவில் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு கேட்டோம். "நோய்க்காரின்னு தெரிஞ்சா அடுத்த கடன் குடுக்க மாட்டாங்கம்மா. மாடு வாங்கணும்னு எழுதிக் குடுத்திருந்தேன்" என்றார். அந்தக் குழுவில் அதற்கு முன்னால் அப்படி ஒருவருக்குக் கடன் மறுத்ததும் உண்மைதான். திருப்பிக் கட்டுவாரா என்று நாம் யோசிப்பது நியாயமாகவே தெரியும். ஆனால் நம் குழுவைப் பார்த்துப் பயந்து ஒரு பெண் கட்டியை மறைக்கிறாள் என்றால் நாம் இத்தனை வருஷம் வாராவாரம் பாயில் உட்கார்ந்து பேசியது எதற்கு? வட்டிக்காரன் வீட்டுத் திண்ணைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அதனால் கூட்டமைப்பு நிர்வாகிகளோடு பேசி மூன்று விஷயங்களைக் கொண்டுவந்திருக்கிறோம். நீங்கள் ஒப்புக்கொண்டால் தீர்மானமாக எழுதலாம். சிகிச்சையில் இருக்கிற உறுப்பினரிடம் அந்தக் காலத்தில் அசல் தவணை கேட்பதில்லை, தவணைக் காலத்தைத் தள்ளி வைப்பது. ஸ்கேன், ஊசி டெஸ்ட், பஸ் செலவுக்குச் சங்கத்துப் பணத்திலிருந்து அவசரக் கடன், கூட்டம் கூடும் வரை காத்திருக்காமல் ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே கொடுப்பது. மூன்றாவது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவரோடு குழுவிலிருந்து ஒருவர் கூடப் போவது. பெரியாஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்கணும், எந்தச் சீட்டை எங்கே காட்டணும் என்று தெரியாமல் திரும்பி வந்துவிடுகிறவர்கள் நிறைய. இரண்டு பேர் போனால் ஒருவர் வரிசையில் நிற்கலாம், ஒருவர் விசாரிக்கலாம். வெட்கமும் பாதி குறையும். மாமியார், மதினி, சின்னம்மா, யாராக இருந்தாலும் சரி, கணவர் வந்தால் ரொம்ப நல்லது. "அவருக்கு எதுக்கு இதெல்லாம்" என்று ஒதுக்காதீர்கள். கீமோவுக்கு மாதக்கணக்கில் கூட்டிப்போக வேண்டியவர் அவர்தான்.

இரண்டாவது தீர்மானத்தில் எவ்வளவு தொகை வரை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். காலையில் பேசியபோது சிலர் ஆயிரம் என்றார்கள், சிலர் மூவாயிரம் என்றார்கள். குழுவின் கையிருப்பைப் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வரும்போது ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டைக் கொண்டுவர வேண்டும். 30 வயதுக்கு மேல் எத்தனை பேர், அதில் யார் யார் சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பார்த்துக்கொண்டார்கள், யாரோடு யார் போனார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். என்ன ரிசல்ட் வந்தது என்று எழுத வேண்டாம், அது அவரவர் சொந்த விஷயம்.

நர்ஸ் அக்கா வந்துவிட்டார், பின்னால் ஸ்டோர் ரூமில் சேலையால் மறைப்புக் கட்டியிருக்கிறோம். வாடிப்பட்டிக்காரர்களுக்கு நாலரை பஸ் இருக்கிறது, அவர்கள் முதலில் போகட்டும். சந்தேகம் கேட்க வேண்டியவர்கள் இங்கேயே எங்களிடம் கேட்கலாம்.